விரால் குஞ்சு எதைத் தின்னும்?

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மழை விட்ட மறுவாரம் ஏரி ஓரத்தில் செக்கச்செவேலென்று கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த விரால் குஞ்சுகளை அவர் வீட்டுப் பிள்ளைகள் துண்டு போட்டு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்களாம். கண்ணாடித் தொட்டி வாங்கி, மோட்டார் மாட்டி, கடைக்காரர் கொடுத்த குருணைத் தீவனத்தையும் வேளை தவறாமல் போட்டு வருகிறார். குஞ்சுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நாளுக்கு நாள் எண்ணிக்கை மட்டும் குறைகிறது. "செத்து மிதக்கவும் இல்லை, பூனை வரவும் வழியில்லை. எங்கே சார் போகுது?" என்று கேட்கிறார்.

அண்ணன்மார் வயிற்றுக்குள் போகிறது.

விரால் எப்படி இருக்கும், குழம்புக்கு எந்தத் துண்டு நல்லது என்பதையெல்லாம் ஆற்காட்டுச் சீமைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் அலுமினிய அன்னக்கூடையில் நாலு விரல் தண்ணீரில் உயிரோடு புரண்டுகொண்டிருக்கும். எடை போடும்போது தராசை விட்டுத் துள்ளும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு அடுத்த மழை வரை காத்திருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பழகியதால் விரால் என்றாலே சாகாத மீன் என்று நம் மனசில் பதிந்துவிட்டது. சாகாத மீனுக்குக் குஞ்சில் மட்டும் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அந்தக் கெட்டித்தனம் பிறவியிலேயே வருவதில்லை. வளர்ந்த விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைப் பிடித்து வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கும். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போகும்; அந்தக் காற்றில்தான் பிழைப்பு. செவுளை மட்டும் நம்பி அதனால் வாழ முடியாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வலை கட்டி மேலே வரவிடாமல் தடுத்தால், எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் விரால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனுக்கும் நீரில் மூழ்கிச் சாகும் விதி உண்டு! குஞ்சுக்கோ அந்த அறை இன்னும் முளைத்திருக்காது. முதல் சில வாரங்கள் அதுவும் மற்ற மீன் குஞ்சுகளைப் போலத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் நம்பியிருக்கிறது. அறை உருவானதும் ஒரு நாள் கூட்டம் மொத்தமும் மேலே வந்து காற்று குடிக்கத் தொடங்கும். ஏரியில் ஒரு வட்டத்துக்குள் மட்டும் தண்ணீர் சலசலப்பதைப் பார்த்து, "அங்கே குஞ்சு மேயுது" என்று ஊர்ப் பையன்கள் கண்டுபிடிப்பது அப்போதுதான்.

முட்டையிலிருந்து வருவோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து கரையோரப் புல்லை விலக்கி ஒரு வெளி உண்டாக்கும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மஞ்சளாகத் தண்ணீர் மேல் மிதக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு மூன்று நான்கு நாளைக்கு, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பையே சாப்பாடு. அது கரைந்ததும் வாய் திறக்கும், பசி பிறக்கும். அந்த வாய்க்குள் போகக்கூடிய உணவின் அளவு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது அசைய வேண்டும். விரால் குஞ்சின் கண்ணுக்கு அசைவதுதான் தீனி. மூழ்கிக் கிடக்கும் குருணை, அதில் எத்தனை சதவீதம் புரதம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், அதற்குக் கல். பக்கத்தில் நீந்தும் தம்பி மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறான்.

ஆகவே முதல் வேலை, அசையும் தீனி தேடுவது. கண்ணாடித் தொட்டிக்காரர்களுக்குக் கைகொடுப்பது ஆர்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் ஒரு வகைச் சின்ன இறால் அது. கடையில் விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து அள்ளிய முட்டை இருக்கும். பழுப்புத் தூளாகத் தெரியும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்து, இந்தத் தூளைப் போட்டு, காற்று மோட்டாரை ஓடவிட்டால் ஒன்று ஒன்றரை நாளில் பொரிந்து ஆரஞ்சு நிறத்தில் மொய்க்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே போட்டுவிட வேண்டும். பொரிந்த சில மணி நேரம்தான் அதன் உடம்பில் சத்து நிறைந்திருக்கும். நன்னீரில் விழுந்த ஆர்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும் என்பதால் அள்ளிக் கொட்டினால் தொட்டி நாறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை போடுங்கள்.

அடுத்தது துள்ளித் துள்ளி நீந்தும் மொய்னா, டாப்னியா. வெயில் படும் தொட்டியில் தண்ணீரைப் பச்சை பிடிக்க விட்டு, துளி ஈஸ்ட் கரைத்து ஊற்றினால் வீட்டிலேயே பெருக்கலாம். மேலே கொசுவலை கட்டாமல் விட்டால் கொசுப்புழுவும் சேர்ந்து பெருகும். கொசுப்புழு விரால் குஞ்சுக்கு அருமையான தீனிதான். ஆனால் டெங்கு சீசனில் நகராட்சிக்காரர்கள் வீடு வீடாகத் தொட்டியை எட்டிப் பார்க்கும்போது இந்த விஞ்ஞானத்தை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுகள் ஓடி வந்து தின்னும். சிவப்பு நூலாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் புழுவைச் சாக்கடைக் கால்வாய்களில்தான் அள்ளுகிறார்கள். ஓடும் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்த பிறகே போட வேண்டும். ஆலைக் கழிவு கலக்கும் கால்வாயில் அள்ளியது என்றால் போடவே வேண்டாம். அந்தப் புழு உலோகங்களை உடம்பில் சேர்த்துவைக்கும். கழுவினால் அது போகாது.

இதற்குப் பிறகுதான் உண்மையான பாடம்: செத்த தீனியைத் தின்னக் கற்றுக்கொடுப்பது. எங்கள் பாட்டி, களி என்றால் ஓடும் என்னை வழிக்குக் கொண்டுவந்த அதே வித்தைதான் இது. சோற்று உருண்டைக்குள் கேழ்வரகுக் களியைத் துளித்துளியாக ஒளித்து, வாரம் ஏற ஏறச் சோற்றைக் குறைத்தாள். கடைசியில் என் தட்டில் சோறே இல்லாததை நான் கவனிக்கவில்லை. விரால் குஞ்சு ஓர் அங்குலம் தொடும் சமயத்தில், நெத்திலி மாதிரிச் சின்ன மீனை முள்ளோடு அரைத்து, உயிருள்ள புழுவைக் கலந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். புழு நெளிவதால் விழுது முழுவதும் உயிருள்ளதாகத் தெரியும். தினம் தினம் புழுவைக் குறைத்து விழுதைக் கூட்ட வேண்டும். விழுதுக்குப் பழகியதும் அதில் தீவனத் தூளைச் சேர்த்து, பிறகு தீவனத்தை மட்டும் போடலாம். வேளையும் இடமும் மாறவே கூடாது. அவசரப்பட்டு ஒரே நாளில் மாற்றினால் மறுபடியும் தம்பி மேல் கண் போகும்.

தம்பி மேல் கண் போவதில் ஒரு கணக்கு உண்டு. எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் இருக்கும்வரை ஒன்றை ஒன்று விழுங்க முடியாது. ஒன்றிரண்டு முந்தி வளர்ந்துவிடும். அவை தம் நீளத்தில் பாதி இருக்கும் உடன்பிறப்பை விழுங்கத் தொடங்கும். விழுங்கியது இன்னும் வேகமாக வளரும். அடுத்ததை விழுங்குவது இன்னும் சுலபமாகும். அளவு பார்க்காமல் கவ்வி, தொண்டையில் சிக்கி, இரண்டும் சாவதும் உண்டு. வாரம் ஒருமுறை தொட்டியைப் பார்த்து முந்தி வளர்ந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது ஒன்றுதான் வழி. ஆகாயத்தாமரை நாலு செடி போட்டால் சின்னதுகள் வேருக்குள் ஒளிந்துகொள்ளும். ஏரியைக் கெடுக்கும் அந்தச் செடிக்கு இப்படியும் ஒரு உபயோகம். தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். விரால் எகிறிக் குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று குடிக்க இடைவெளி விட மறக்காதீர்கள்.

இனி நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான மீனைப் பற்றிச் சொல்கிறேன். கடிதம் ஒரு சாக்குதான்.

விராலுக்கு இலங்கையில் ஓர் உறவு இருக்கிறது. சன்னா ஓரியண்டாலிஸ் என்று 1801-இல் பெயர் வைத்தார்கள். இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கைக்கு அடக்கமான சின்ன மீன். நம் கொரவையைவிடச் சின்னது. பெரும்பாலான விரால் வகைகளுக்கு இருக்கும் வயிற்றுத் துடுப்பு இதற்கு இல்லை. முட்டையை மிதக்க விடும் பழக்கமும் இல்லை. ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் அள்ளி வைத்துக்கொள்கிறது. குஞ்சு பொரிந்து நீந்தும்வரை பல நாள் அதற்குச் சாப்பாடு கிடையாது. தாடை உப்பிப்போய் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். இந்தக் காலத்தில் பெண் மீன் காவல் காக்கும்.

அதிசயம் அதற்குப் பிறகு. ஆண் குஞ்சுகளை வெளியே விட்டதும், அவை தாயின் அடிவயிற்றுக்குக் கீழே போய் மொய்க்கும். தாய் அசையாமல் நின்று சின்னச் சின்ன முட்டைகளை வெளிவிடும். இவை குஞ்சாகும் முட்டைகள் இல்லை. ஆண் இவற்றில் விந்து சேர்ப்பதே இல்லை. குஞ்சுகள் தின்பதற்கென்றே தாய் தன் உடம்பில் தயாரித்த உணவு இது. வேளை பார்த்து இப்படித் திரும்பத் திரும்பக் கொடுக்கும். ஐரோப்பாவில் இந்த மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த ஆர்வலர்கள்தான் 1980-களில் இதை விவரமாகப் பார்த்து எழுதினார்கள். பிறகு வடகிழக்கு இந்தியாவின் சில குட்டை விரால் வகைகளிலும் இதே பழக்கம் தெரியவந்தது. தொட்டியில் மீன் வளர்ப்பதை வேலையற்ற வேலை என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். ஓடைக் கரையில் குந்தியிருந்து பார்க்கும் எவருக்கும் இந்தக் காட்சி எளிதில் வாய்க்காது.

ஏன் இந்த மீனுக்கு இப்படி ஒரு பழக்கம்? எனக்குத் தோன்றும் காரணம் இது. மழைக்காட்டு ஓடை நிழல் அடர்ந்தது. தண்ணீர் தெளிந்தது, ஓடிக்கொண்டே இருப்பது. அதில் பச்சை பிடிக்காது. பச்சை இல்லாவிட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகாது. அரை மில்லிமீட்டர் தீனிக்குக் குஞ்சு எங்கே போகும்? தாய்தான் கொடுக்க வேண்டும். சில நூறு முட்டையோ அதற்கும் குறைவாகவோ போட்டு, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊட்டி வளர்க்கிறது. நம் விரால் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். காவல் காக்கும், கூட்டிக்கொண்டு திரியும், ஒரு வாய்கூட ஊட்டாது. அந்த வேலையை அது ஏரியிடம் ஒப்படைத்துவிட்டது.

ஏரியும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தது. பாலாற்றிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர் என்று கால்வாய் வழியாக நிறையும் ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியில் மாடு மேயும், சாணி காயும். காய்ந்த மண்ணுக்குள் டாப்னியா, மொய்னா இனங்களின் உறங்கும் முட்டைகள் இருக்கின்றன. கெட்டியான உறைக்குள் பல வருஷம்கூட அவை காத்துக் கிடக்கும். மழைத் தண்ணீர் பட்டதும் விழிக்கும். சாணி உரத்தில் தண்ணீர் பச்சை பிடிக்கும். பச்சையைத் தின்று இவை பெருகும். சேற்றிலிருந்து வெளிவந்த விரால் ஜோடி கட்டி முட்டையிடுவதும் அதே மழையில்தான். குஞ்சு வாய் திறக்கும் நேரத்துக்குத் தண்ணீரெல்லாம் தீனியாக இருக்கும். யாரும் உப்பு கரைத்து மோட்டார் ஓட்ட வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துச் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. உலகெங்கும் சோதனைச்சாலைகளில் ஒரு தண்ணீர் நஞ்சா இல்லையா என்று பார்க்க டாப்னியாவைத்தான் அதில் விடுகிறார்கள். அவ்வளவு மெல்லிய உயிர் அது. சோதனைக்கு எடுத்த டாப்னியா கூட்டமே சரியான நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, அளவாக ஒரு ரசாயனத்தைக் கலந்து பார்ப்பது வழக்கம். அந்த ரசாயனம் பொட்டாசியம் டைக்குரோமேட். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்திருக்கும் கழிவிலிருந்து மழைதோறும் கசிவதும் இதே குடும்பத்துக் குரோமியம்தான். தோல் ஷாப்புகளில் பதனிடப் பயன்படுவது வேறு வகை. அத்தனை கொடியது அல்ல. ஆனால் அதைத் தயாரிக்கும் மூலப்பொருள் இது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்த பிறகு, தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பும் சேர்ந்து பாலாற்றங்கரைக் கிணறுகளை என்ன செய்தது என்பது வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக வைக்கிறார்கள்.

அந்தத் தண்ணீரில் பெரிய விரால் கிடைக்கிறதே என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கிடைக்கும். அது மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்கிறது. தண்ணீரில் பிராணவாயு செத்துப்போனாலும் அதற்குக் கவலையில்லை. தவளையையும் எலிக்குஞ்சையும் தின்று சில வருஷம் ஓட்டிவிடும். அதன் குஞ்சுக்கு அரை மில்லிமீட்டர் தீனி அந்தத் தண்ணீரில் உண்டா என்பதுதான் கேள்வி. பெரிய விராலை வைத்து ஏரியின் யோக்கியதையைச் சொல்ல முடியாது. ஒரு கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அதில் எதுவுமே துள்ளவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்; கோபித்துக்கொள்ளாதீர்கள். செங்குஞ்சுக் கூட்டத்தைக் கண்டதும் தூண்டிலில் தவளையைக் கோத்து நடுவில் வீசுகிறார்களே, அந்த விராலைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம். அது பசியில் கவ்வவில்லை, குஞ்சைக் காக்கக் கவ்வுகிறது. காவல் போன கூட்டத்தை மற்ற மீன்கள் ஒரு பொழுதில் முடித்துவிடும். ஒரு நாள் குழம்புக்கு அடுத்த வருஷத்து விராலையும் சேர்த்து ஆக்குகிறோம். குஞ்சு கறுத்துப் பிரிந்து போகும்வரை ஒரு மாதம் பொறுத்தால் போதும்.

கண்ணாடித் தொட்டிக்காரர்கள் வேறு மாதிரி. கொளத்தூரிலிருந்து வண்ண மீன் வாங்கி வந்த காலம் போய், இப்போது சின்னக் கடையிலும் முதலைவாய் மீன் குஞ்சு கிடைக்கிறது. விரல் நீளத்தில் வாங்குகிறார்கள். வேட்டை பார்க்கும் ஆசையில் உயிருள்ள தங்கமீனை விட்டுத் தீனி போடுகிறார்கள். தங்கமீனின் உடம்பில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் பொருள் இருக்கிறது. அதையே தின்று வளரும் மீன் நரம்பு கெட்டுச் சாகும். மாட்டு இதயத்தை அரைத்துப் போடும் பழக்கம் எங்கள் பக்கம் அதிகம். எப்போதாவது என்றால் சரி. தினமும் என்றால் அந்தக் கொழுப்பு மீனுக்கு ஜீரணமாகாது. எல்லாம் தாண்டி வளர்ந்து தொட்டி போதாமல் ஆனதும் இரவோடு இரவாக ஏரியில் விட்டுவிடுகிறார்கள். 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியில் முதலைவாய் மீன் அகப்பட்டது அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, நம் விராலின் சீன உறவு ஒன்று 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் குஞ்சு பொரித்துப் பெருகியிருந்தது. நோயாளித் தங்கைக்குச் சூப் வைக்க ஒருவர் உயிரோடு வாங்கி வந்த மீன் அது. தங்கைக்குக் குணமாகிவிட்டதால் மீனைக் குளத்தில் விட்டுவிட்டார். அரசு மருந்தூற்றிக் குளத்து மீன் முழுவதையும் கொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே விரால் இனம் மொத்தமும் உயிரோடு அந்த நாட்டுக்குள் வரத் தடை போட்டார்கள். இங்கே வீட்டுக்காரனாக இருக்கும் மீன் அங்கே திருடன் ஆகிவிட்டது.

தீனிப் பிரச்சினைக்காகவே விராலைத் தடை செய்த நாடும் உண்டு. கம்போடியாவில் விரால் பண்ணைகள் பெருகி, அவற்றுக்குப் போட ஆற்றுச் சிறுமீனை டன் டன்னாக அள்ளினார்கள். ஏழைகள் தின்னும் மீன் பண்ணைக்குப் போனது. குஞ்சையும் ஆற்றிலிருந்தே பிடித்தார்கள். 2000-களின் நடுவில் அரசு விரால் வளர்ப்பையே நிறுத்தியது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் உட்கார்ந்து, பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்து, நம் பாட்டி வித்தையை அளவு பிசகாமல் செய்து, குருணைத் தீவனத்துக்குக் குஞ்சைப் பழக்கிக் காட்டினார்கள். 2016-இல் தடை நீங்கியது. நம் நாட்டிலும் புவனேசுவரம் அருகே கௌசல்யகங்காவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையம் விராலுக்கு ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையை வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் விரால் குஞ்சு பொரித்து விற்கும் பண்ணைகள் வந்துவிட்டன.

ஆகவே இனி ஏரியில் துண்டு போட வேண்டாம். பண்ணைக் குஞ்சு வாங்குங்கள், அதுவும் தீவனத்துக்குப் பழகிய குஞ்சாக. எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் "பெல்லட்டு சாப்பிடும் சார்" என்றுதான் சொல்வார். பணம் கொடுக்கும் முன் ஒரு பிடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேலே வந்து கவ்வினால் வாங்கலாம். குருணை மூழ்கி அடியில் கிடந்தால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.